பத்தாம் நம்பர் தாம்பாளம்

ஜனவரியில் சரயேவோவுக்குள்
சூரியன் இறங்குவதில்லை.
மேலேதான் இருக்கும்,
கேபிள் கார் டிக்கெட் வாங்கினால் பார்க்கலாம்.
கீழே நாங்கள்
நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்த கஞ்சிக்குள்
டிராம் மணியை வைத்துத் தெருவைக் கண்டுபிடிப்போம்.

நான் பரிமாறும் கடையில் மேசைகள் பதினொன்று.
பனிச்சறுக்கு முடித்து வருகிறவர்கள்
பூட்ஸ் ஈரத்தால் தரையில் ஏரிகள் வரைந்துவிட்டு உட்கார்வார்கள்.
சூப்பில் மிதப்பது என்ன என்பார்கள்.
வெண்டைக்காய்.
சுண்டுவிரல் நகமளவுப் பிஞ்சு,
நூலில் கோத்து உலர்த்தியது.
மாலையாக ஆணியில் தொங்குகிறது,
வேண்டுமானால் எட்டிப் பாருங்கள்.
மூன்றாவது கரண்டிக்குப் பிறகு
எவரும் எதையும் கேட்பதில்லை.

கேட்பவள் மெவ்லிதா.
இருபத்தாறு குளிர்காலம்
அடுப்புக்கு முகம், மலைக்கு முதுகு.
தட்டை நீட்டும்போதெல்லாம் கேட்பாள்:
"மேலே பனி எப்படியாம்?"
ஆறாம் மேசையிடம் விசாரித்து வந்து சொல்வேன்:
"பொடியாக இருக்கிறதாம், மாவு மாதிரி."
"சலித்த மாவா, சலிக்காததா?"
திரும்ப ஆறாம் மேசைக்கு நடப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை
தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது.
முதலாளி ஃபிக்ரெத் தலையில் கைவைத்துக் கதவைச் சாத்தினார்.
மெவ்லிதா ஏப்ரனைக் கழற்றினாள்,
கழுவிக் கவிழ்த்திருந்த தாம்பாளங்களில்
புரெக் சுடும் பெரியதை,
பத்தாம் நம்பரை, கக்கத்தில் இடுக்கினாள்.
"வா."
நான் ஏன் என்று கேட்கவில்லை,
கேட்டிருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பாள்.

கேபிள் கார்ப் பெட்டிக்குள் ஐந்து பேர்.
ஒரு பையன், அவன் மடியில் சிவப்புப் பிளாஸ்டிக் சறுக்குவண்டி.
தாம்பாளத்தைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்,
மறுபடி தாம்பாளத்தை.
கண்ணாடிக்கு வெளியே எதுவுமில்லை, எதுவுமில்லை,
பிறகு ஒரு பைன் மரத்தின் உச்சி,
பிறகு வெயில்.
அறிமுகமில்லாத ஐவரும்
ஒரே சமயத்தில் கண்ணை மூடிக்கொண்டோம்.

த்ரெபெவிச்சின் மேல் ஞாயிறு போலக் கூட்டம்.
இளவட்டங்கள் பழைய கான்கிரீட் சறுக்குப் பாதையில்
சுவர் ஓவியங்களை உரசி ஓடினார்கள்.
ஒருவர் சலேப் விற்றார்,
வெள்ளையாய், கெட்டியாய், மேலே பட்டைத்தூள்,
கப்பைப் பிடித்தால் விரல்கள் திரும்பி வந்தன.
மெவ்லிதா குடிக்கவில்லை.
பனியை அள்ளினாள், விரலிடுக்கில் தேய்த்தாள்,
நாக்கில் வைத்தாள்.
"சலித்ததுதான். உப்பு போதாது."

கோட்டைச் சுருட்டி உட்கார்ந்தாள்.
தாம்பாளத்துக்குத் திசை தெரியாது.
சுற்றிச் சுற்றி இறங்கியது.
அவள் முகம், முதுகு,
முகம், முதுகு,
ஒரு முகத்தில் வாய் திறந்திருந்தது,
சத்தம் எங்களை வந்து சேரவில்லை.
பைன் அடியில் முட்டி நின்றாள்.
நான் விழுந்து எழுந்து ஓடினேன்.
தொப்பி ஒரு பக்கம், மூக்கில் பனி.
"ஒன்றும் உடையவில்லையே?"
"தள்ளு, வழியை விடு. இன்னொரு தடவை."

நான்கு மணிக்குள்
பதினேழு பிள்ளைகள் வரிசையில்.
கடையில் போலவே நடத்தினாள்:
இடித்தால் கடைசி, அழுதால் முதலில் மூக்கைத் துடை.
சிவப்பு வண்டிப் பையன்
வண்டியை அடகு வைத்து இரண்டு முறை போனான்.

இருட்டியதும் ஆற்றோரத்து மதுக்கடை.
அக்கார்டியன்காரர் யாஸ்மின்கோ
தாளக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று அலுத்துக்கொண்டார்.
அப்புறம் நடந்தது உங்களுக்குப் புரிந்திருக்கும்.
நள்ளிரவில் எங்களுக்குள் யாரோ ஒருவர்
அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு போனோம்.
நானாக இருக்கலாம்.

புதன்கிழமை புரெக்கின் நடுவே ஒரு மேடு.
அங்கே மாவு மெலிந்து, மொறுமொறுப்பாக.
வியாழன் முதல் அந்தத் துண்டைக் கேட்டே வருகிறார்கள்.
சுத்தியலோடு வந்த ஃபிக்ரெத்தை
அவள் பார்த்த பார்வையில்
சுத்தியல் தானாக டிராயருக்குள் போனது.

இன்று ஆறாம் மேசையில் புதியவர்கள்,
கன்னமெல்லாம் சிவந்து.
மேலே பனி எப்படி என்றேன், பழக்கதோஷம்.
"அருமை! பொடிமாவு!"
நான் திரும்புவதற்குள்
அடுப்படியிலிருந்து குரல்:
"பொய். நேற்று மதியமே ஈரமாகிவிட்டது."